எந்தக் கோப்பைப் படித்தாய்?

எங்கள் பைதான் நூலகத்தின் புதிய பதிப்பு வெளியான மறுநாள் காலை. அதைப் பயன்படுத்தும் இன்னொரு அணியிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஏபிஐ பக்கத்துல தலைப்பு மட்டும்தான் இருக்கு. ஃபங்ஷன் எல்லாம் எங்க போச்சு?”

திறந்து பார்த்தேன். பக்கம் இருந்தது. இடப்பக்கப் பட்டியல் இருந்தது. மாட்யூல்களின் பெயர்கள் வரிசையாகத் தலைப்புகளாக நின்றன. ஒவ்வொரு தலைப்பின் கீழும் வெற்றிடம். மூன்று பேர் சேர்ந்து இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்திய விளக்கங்களில் ஒரு வரிகூட அங்கே இல்லை. ஆவணப் பக்கங்களைக் கட்டிய பில்ட் பதிவை எடுத்துப் பார்த்தால் கடைசி வரி இப்படி: “பில்ட் சக்சீடட், 41 வார்னிங்ஸ்.” பச்சை நிறத்தில் வெற்றி என்று சொல்லிவிட்டதால் அந்த 41 எச்சரிக்கைகளை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

அந்த 41-ம் ஒரே ரகம். ஆவணம் கட்டும் கருவியின் ஆட்டோடாக் என்ற பகுதி, இன்ன மாட்யூலை இம்போர்ட் செய்ய முடியவில்லை, அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்கிறது. என் மடிக்கணினியில் அதே கோட், அதே ஆவணங்கள், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கட்டப்பட்டன. அன்று தொடங்கிய தேடல் பல மாதங்களுக்கு விட்டு விட்டுத் தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேறு முகம், உள்ளே ஒரே நோய். தேடுபாதை பற்றி, அதாவது கணினி ஒரு கோப்பை எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது என்பது பற்றி, அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நூலகத்தின் உண்மைப் பெயர் இங்கே தேவையில்லை. ‘அளவி’ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு அடிப்படை. இது தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாங்கள் பயன்படுத்துவது ஸ்பிங்க்ஸ். பைதானின் சொந்த ஆவணங்களுக்காக கேயார்க் பிராண்டில் (Georg Brandl) என்பவர் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட கருவி. அதில் ஆட்டோடாக் என்ற பகுதி, கோடுக்குள் நாம் எழுதிய டாக்ஸ்ட்ரிங் என்ற விளக்கக் குறிப்புகளை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறது. அது நம் கோப்பைத் திறந்து எழுத்தாகப் படிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் பேக்கேஜை இம்போர்ட் செய்கிறது. அதாவது நம் கோடை ஓட்டுகிறது. ஓட்டிய பிறகு கிடைக்கும் ஆப்ஜெக்டிடம்தான் விளக்கத்தைக் கேட்கிறது. ஆகவே, ஆவணம் கட்டுவது என்பது நம் நிரலை ஓட்டுவதேதான். நிரல் ஓட என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் ஆவணம் கட்டும் இடத்திலும் இருக்க வேண்டும். அதில் முதலாவது, பைதான் எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்லும் சிஸ்.பாத் என்ற தேடுபாதைப் பட்டியல்.

வரிசை என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பட்டியலில் நம் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அதற்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

சரி, அந்த 41 எச்சரிக்கைகளுக்கு வருகிறேன்.

பில்ட் சர்வரில் நுழைந்து, புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு நான் செய்த முதல் சோதனை, பைதானை ‘மைனஸ் சி’ ஆப்ஷனுடன் ஓட்டி, ‘இம்போர்ட் அளவி.கோர்’ என்று ஒரே வரி கொடுத்தது. ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. ஆக மாட்யூல் இருக்கிறது, பாதை சரி, தவறு ஸ்பிங்க்ஸில்தான் என்று முடிவு கட்டினேன். அந்த ஒரு முடிவால் ஒரு பகல் முழுக்கப் போயிற்று. ஸ்பிங்க்ஸை நீக்கி மறுபடி நிறுவினேன். பதிப்பை இறக்கிப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

மாலையில்தான் விஷயம் பிடிபட்டது. பைதானை எப்படித் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தேடுபாதையின் முதல் இடம் மாறும். ‘மைனஸ் சி’ என்று ஒரு வரியைக் கொடுத்து ஓட்டினால், நாம் நிற்கும் ஃபோல்டர் முதலில் வந்து உட்காரும். ‘மைனஸ் எம்’ போட்டு ஒரு மாட்யூலை ஓட்டினாலும் அப்படித்தான். ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டினால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது கணக்கிலேயே இல்லை. அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான் முதலில் வரும். ‘ஸ்பிங்க்ஸ்-பில்ட்’ என்ற கட்டளை ஒரு ஸ்கிரிப்ட். அது இருப்பது விர்ச்சுவல் என்விரான்மென்ட்டின், அதாவது புராஜெக்டுக்கென்றே தனியாக வைத்த பைதான் சூழலின், பின் (bin) ஃபோல்டரில். அங்கே எங்கள் அளவி எப்படி இருக்கும்?

என் மடிக்கணினியில் பழக்கத்தால் ‘பைதான் மைனஸ் எம் ஸ்பிங்க்ஸ்’ என்று மேல் ஃபோல்டரில் நின்று ஓட்டுவேன். ஆகவே மேல் ஃபோல்டர் தானாகப் பட்டியலின் தலையில் வந்துவிடும், அளவி கிடைத்துவிடும். சர்வரில் இருந்த பில்ட் ஸ்கிரிப்ட் ‘ஸ்பிங்க்ஸ்-பில்ட்’ என்று நேராக அழைத்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கட்டளைகள் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். தேடுபாதை விஷயத்தில் அவை இரண்டும் வேறு வேறு.

அதனால்தான் என் சோதனையும் பொய்யானது. எந்தச் சூழலைச் சோதிக்க நினைத்தேனோ, அதில் இல்லாத ஒரு வசதியை என் சோதனையே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இப்போதெல்லாம் இம்போர்ட் சோதனை செய்யும்போது பெரிய எழுத்து ‘ஐ’ ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்கிறேன். அது பைதானைத் தனிமைப்படுத்தி ஓட்டும். நிற்கும் ஃபோல்டரைப் பார்க்காது. பைதான்பாத் போன்ற சூழல் மாறிகளையும் கண்டுகொள்ளாது. அப்படி ஓட்டியும் இம்போர்ட் ஆனால் பேக்கேஜ் உண்மையிலேயே நிறுவப்பட்டிருக்கிறது என்று நம்பலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஸ்பிங்க்ஸின் அமைப்புகளை வைக்கும் கான்ஃப்.பை கோப்பில் தேடுபாதையைச் சரிசெய்யும் வரி ஏற்கெனவே இருந்ததே! ஸ்பிங்க்ஸ் பயன்படுத்தும் யாருக்கும் அந்த வரி தெரிந்திருக்கும்: சிஸ்.பாத் பட்டியலின் பூஜ்யமாவது இடத்தில், இன்ன ஃபோல்டரின் முழுப் பாதையைச் செருகு. அது இருக்கும்போது எப்படி இம்போர்ட் தவறும்?

இங்கேதான் சிறு விவரம் ஒன்று கைகொடுத்தது. சர்வரில் வந்த பிழை “அளவி.கோர் என்ற மாட்யூல் இல்லை”. என் கணினியில் ‘ஸ்பிங்க்ஸ்-பில்ட்’ ஸ்கிரிப்டை ஓட்டி அதே தவறை வரவழைத்தபோது வந்த பிழை “அளவி என்ற மாட்யூல் இல்லை”. ஒரே கோட், ஒரே கட்டளை, இரண்டு வேறு வாக்கியங்கள். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முதலாவதன் பொருள் வேறு: அளவி கிடைத்தது, அதற்குள் கோர் கிடைக்கவில்லை. அப்படியானால் சர்வரில் கிடைத்த அந்த அளவி எது?

கான்ஃப்.பை-யில் தற்காலிகமாக இரண்டு வரி சேர்த்தேன். அளவியை இம்போர்ட் செய். அதன் ஃபைல் பண்பை அச்சிடு. பைதானில் ஒவ்வொரு மாட்யூலுக்கும், முன்னும் பின்னும் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட ஃபைல் என்ற பண்பு இருக்கும். அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும். சர்வரில் அது சொன்ன பதில்: ‘நன்’ (None). கோப்பே இல்லை. அடுத்து பாத் பண்பை அச்சிட்டேன். நேம்ஸ்பேஸ் பாத் என்று தொடங்கி, எங்கள் ரெப்பாசிட்டரியின் (கோட் சேமிப்பகத்தின்) மேல் ஃபோல்டரைக் காட்டியது.

அந்த வரியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஆவணங்களை ஒழுங்குபடுத்தினோம். அதுவரை கான்ஃப்.பை இருந்தது டாக்ஸ் ஃபோல்டருக்குள் இருந்த சோர்ஸ் ஃபோல்டரில். அங்கிருந்து புராஜெக்டின் மேல் ஃபோல்டருக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும். ஒழுங்குபடுத்தியபோது கோப்பை ஒரு படி மேலே, டாக்ஸுக்கே கொண்டுவந்துவிட்டோம். வரியில் இருந்த இரண்டு படி அப்படியே நின்றுவிட்டது. கான்ஃப்.பை ஓடும்போது ஸ்பிங்க்ஸ் அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கு மாறிக்கொள்ளும். ஆகவே படிக்கணக்கு அங்கிருந்துதான். இரண்டு படி ஏறினால் இப்போது ரெப்பாசிட்டரிக்கும் வெளியே போய் நிற்கிறோம்.

சர்வரில் ரெப்பாசிட்டரியை இறக்கிவைத்த ஃபோல்டரின் பெயரும் அளவி. பைதான் 3.3-இலிருந்து, பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும் இனிட் கோப்பு இல்லாத வெறும் ஃபோல்டரையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக ஏற்றுக்கொள்ளும். அதே பெயரில் முறையான பேக்கேஜ் பட்டியலில் வேறெங்காவது இருந்தால், பின்னால் இருந்தாலும் அதற்குத்தான் முதல் உரிமை. எங்குமே இல்லையென்றால் வெறும் ஃபோல்டரே பேக்கேஜ் வேடம் போட்டு வந்து நிற்கும். அதற்குள் கோர் இல்லை. அதனால்தான் “அளவி.கோர் இல்லை”. என் கணினியில் அதே ரெப்பாசிட்டரியை வேறு பெயரில் வைத்திருந்தேன். அங்கே வேடம் போடக்கூட யாரும் இல்லை. ஆகவே “அளவி இல்லை”.

பிழைச் செய்தியில் புள்ளிக்கு முன்னால் நிற்கும் பெயர், பின்னால் நிற்கும் பெயர் இரண்டையும் பிரித்துப் படியுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் பெயரே இல்லையென்றால் பாதை தவறு, அல்லது பேக்கேஜ் நிறுவப்படவில்லை. முதல் பெயர் கிடைத்து அடுத்தது கிடைக்கவில்லையென்றால் தப்பான ஆள் வந்து நிற்கிறார். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: உங்களுடையதல்லாத ஒரு பெயர் இல்லை என்று வந்தால், அது தேடுபாதைக் கோளாறே அல்ல. உங்கள் பேக்கேஜ் கிடைத்துவிட்டது. அது இம்போர்ட் செய்யும் வேறொரு நூலகம் அங்கே நிறுவப்படவில்லை. அதற்குப் பாதையைக் குடைந்துகொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

இதுவரை சொன்னது சத்தம் போட்ட தவறு. பக்கம் காலியாக இருந்தது, யாரோ ஒருவர் கேட்டார், கண்டுபிடித்தோம். எனக்கு இன்றும் மனத்தை உறுத்துவது அடுத்தது.

சில மாதங்கள் கழித்து, எங்கள் நூலகத்தில் ஒரு ஃபங்ஷனின் டைம்அவுட்டை (காத்திருக்கும் நேர வரம்பை) 30 விநாடியிலிருந்து 10 ஆகக் குறைத்தோம். கோடிலும் டாக்ஸ்ட்ரிங்கிலும் மாற்றினோம். பில்ட் ஓடியது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பக்கங்கள் நிறைவாக, அழகாக இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தில் 30 என்றே இருந்தது. அதை நம்பி இன்னொரு அணி தங்கள் மறுமுயற்சி நேரங்களைக் கணக்குப் போட்டு வைத்தார்கள். அவர்களுடைய வேலைகள் இடையிடையே அறுந்தன. ஏன் என்று அவர்கள் பல நாள் தேடியிருக்கிறார்கள். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

என்னிடம் வந்தபோது முதலில் கேஷ் என்றுதான் நினைத்தேன். ஸ்பிங்க்ஸ் முன்பு படித்த பக்கங்களை டாக்ட்ரீஸ் என்ற ஃபோல்டரில் சேமித்துவைத்து, மாறியவற்றை மட்டும் மறுபடி படிக்கும். ஆகவே பெரிய எழுத்து ‘ஈ’ ஆப்ஷன் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கச் சொன்னேன். மாறவில்லை. பில்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் 30.

பிறகு பக்கத்தில் இருந்த ‘சோர்ஸ்’ இணைப்பைத் திறந்தேன். வியூகோட் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தால், ஆவணத்துக்குள்ளேயே மூலக் கோடைப் பார்க்கலாம். அந்த ஃபங்ஷனுக்கு மேலே, நானே போன மாதம் நீக்கிய ஒரு கமெண்ட் வரி அப்படியே இருந்தது. ரெப்பாசிட்டரியில் அது இல்லை. ஆவணத்தில் இருக்கிறது. ஆக ஸ்பிங்க்ஸ் படிப்பது ரெப்பாசிட்டரியில் இருக்கும் கோப்பை அல்ல.

மறுபடியும் ஃபைல் பண்பை அச்சிட்டேன். பதில், நிறுவிய பேக்கேஜ்கள் போய் உட்காரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர். பில்ட் சர்வரில் வேகத்துக்காக விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை அழிக்காமல் வைத்திருந்தோம். அதில் வேறொரு உள் கருவியை நிறுவியபோது, அது சார்ந்திருந்த அளவியின் பழைய பதிப்பும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. கான்ஃப்.பை-யில் முன்பிருந்த ‘இன்செர்ட்’ வரியை யாரோ ‘அப்பெண்ட்’ என்று மாற்றியிருந்தார்கள். காரணமும் நியாயமானதுதான். எங்கள் புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் காலண்டர்.பை என்று ஒரு சிறு உதவி ஸ்கிரிப்ட் இருந்தது. மேல் ஃபோல்டர் பட்டியலின் தலையில் வந்ததும், பைதானின் சொந்தக் காலண்டர் மாட்யூலுக்குப் பதில் இது இம்போர்ட் ஆகி, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நூலகம் உடைந்தது. கடைசியில் சேர்த்தால் உடையாது என்று மாற்றிவிட்டார்கள். உடையவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து நிறுவப்பட்ட பழைய பிரதி முன்னால் வந்துவிட்டது. ரெப்பாசிட்டரி கடைசியில் காத்துக்கொண்டு நின்றது.

தலையில் செருகினால் ஒரு தொல்லை, வாலில் சேர்த்தால் இன்னொன்று. சி மொழியில் எழுதிய பகுதி உள்ள பேக்கேஜ்களில் மூன்றாவது தொல்லையும் உண்டு: சோர்ஸ் ஃபோல்டரைத் தலையில் செருகினால், கம்பைல் ஆகி நிறுவப்பட்ட நல்ல பிரதி மறைந்து, கம்பைல் ஆகாத மூலம் முன்னால் வந்து நிற்கும். எண்கணக்கு நூலகமான நம்பையை அதன் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்தே இம்போர்ட் செய்யாதீர்கள் என்று அந்த நூலகமே பிழைச் செய்தியில் சொல்லும் அளவுக்கு இது பரவலான தவறு.

அதனால் என் முடிவு: கான்ஃப்.பை-யில் தேடுபாதையைத் தொடவே வேண்டாம். பேக்கேஜை முறையாகப் பிப் என்ற நிறுவல் கருவி கொண்டு நிறுவுங்கள். பிறகு ஆவணம் கட்டுங்கள். சொந்தக் கணினியில் எடிட்டபிள் முறையில் நிறுவினால், கோப்பில் செய்யும் மாற்றம் உடனே தெரியும். சர்வரில் ஒவ்வொரு முறையும் புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட். கோடின் எந்த கமிட்டுக்கு (பதிவுசெய்த நிலைக்கு) ஆவணம் கட்டுகிறீர்களோ, அதில் அதையே நிறுவுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பதிப்பு எண்ணைக் கையால் எழுதாமல் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவிடம் கேட்கலாம். பேக்கேஜ் நிறுவப்படாவிட்டால் அது அங்கேயே பிழை கொடுத்து நிற்கும். வெறும் பாதையைக் காட்டி ஏமாற்ற முடியாது.

எடிட்டபிள் முறையில் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். புதிய கருவிகள், முக்கியமாக பெப் 660 என்ற பைதான் முன்மொழிவின் வழியில் வந்தவை, சில சமயம் நம் ஃபோல்டரைச் சிஸ்.பாத் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. இம்போர்ட் நடக்கும்போது இடைமறித்து வழிகாட்டும் ஒரு ஹூக்கை வைத்துவிடுகின்றன. பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால் நம் ஃபோல்டர் இருக்காது. இம்போர்ட் மட்டும் நன்றாக ஓடும். பட்டியலை மட்டும் நம்பி முடிவு கட்டினால் அங்கே தடுமாறுவோம். ஃபைல் பண்பைக் கேட்பதுதான் எப்போதும் செல்லும்.

வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு மாலை, அணிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அழைத்தார். “அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே என்விரான்மென்ட்ட ஆக்டிவேட் பண்ணி, பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஸ்பிங்க்ஸும் அதுக்குள்ளயே போட்டுட்டேன். இன்னும் மாட்யூல் இல்லங்குது.”

“முதல்ல டைப் ஸ்பிங்க்ஸ்-பில்ட், அப்புறம் டைப் மைனஸ் ஏ ஸ்பிங்க்ஸ்-பில்ட், ரெண்டையும் அடிச்சு என்ன வருதுன்னு சொல்லுங்க” என்றேன்.

மூன்று வரி வந்தது. முதல் வரி, ஸ்பிங்க்ஸ்-பில்ட் ‘ஹாஷ்’ செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லி, இயங்குதளத்தோடு வந்த பொதுவான இடத்தைக் காட்டியது. அடுத்த வரியில் என்விரான்மென்ட்டுக்குள் இருந்த ஸ்பிங்க்ஸ்-பில்ட். மூன்றாவதில் மறுபடியும் பொது இடம். நடந்தது இதுதான்: அவர் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்தவுடன், அதற்குள் ஸ்பிங்க்ஸ் இல்லாதபோதே, ஒருமுறை கட்டளையை ஓட்டியிருக்கிறார். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், தன் பாத் வரிசையில் தேடிப் பொது இடத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டது. பிறகு அவர் உள்ளே ஸ்பிங்க்ஸை நிறுவினாலும் பாஷ் ஷெல் மறுபடி தேடவில்லை. நினைவில் இருந்த இடத்துக்கே போயிற்று. அந்த ஸ்பிங்க்ஸ்-பில்ட் கோப்பின் முதல் வரியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதில் குறித்திருந்த பைதான், என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைதான் அல்ல. அந்தப் பைதானுக்கு அளவி என்றால் என்னவென்றே தெரியாது. ‘ஹாஷ் மைனஸ் ஆர்’ கொடுத்து நினைவை அழித்ததும் ஓடியது.

இது பைதானின் தேடுபாதை இல்லை, ஷெல்லின் தேடுபாதை. ஆனால் பிழை வந்தது பைதான் வாயிலிருந்து. அதனால்தான் ஆள் குழம்பிப்போகிறார். இதைத் தவிர்க்கத்தான் ‘பைதான் மைனஸ் எம் ஸ்பிங்க்ஸ்’ என்று ஓட்டும் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. எந்தப் பைதான் என்பதில் சந்தேகமே வராது. பில்ட் கட்டளைகளைக் குறித்துவைக்கும் மேக்ஃபைல் வைத்திருந்தால் அதில் ஸ்பிங்க்ஸ்பில்ட் என்ற மாறிக்கு இதையே மதிப்பாகக் கொடுக்கலாம். அது நிற்கும் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்ளும் என்று முன்பு சொன்னேனே, பேக்கேஜ் முறையாக நிறுவப்பட்டிருந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. பேக்கேஜை மேல் ஃபோல்டரில் நேராக வைக்காமல் எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் தற்செயலாகக் கிடைத்துவிடும் வாய்ப்பும் போய்விடும். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். மாற்றும்போது எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் பழக்கதோஷத்தில் ஒரு இனிட் கோப்பை வைத்துவிடாதீர்கள். ஏபிஐ பக்கங்களைத் தானாக உருவாக்கும் ஸ்பிங்க்ஸ்-ஏபிஐடாக் அதையும் பேக்கேஜ் என்று எண்ணி, எல்லாப் பெயருக்கும் முன்னால் எஸ்ஆர்சி என்று ஒட்டிவிடும்.

சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஆவணம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சூடோ பெரும்பாலான அமைப்புகளில் சூழல் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும். உங்கள் டெர்மினலில் வைத்த பைதான்பாத் அங்கே இருக்காது. பாத்தும் வேறாக இருக்கலாம். ஆவணம் கட்ட சூடோ தேவையே இல்லை.

மற்ற பாதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெம்ப்ளேட், ஸ்டாட்டிக் ஃபோல்டர்களின் பாதைகள் கான்ஃப்.பை இருக்கும் இடத்திலிருந்து கணக்கு. ஒரு கோட் கோப்பைப் பக்கத்தில் சேர்க்கும் லிட்ரல்இன்க்ளூடுக்குக் கொடுக்கும் பாதை, அதை எழுதிய பக்கத்தின் கோப்பிலிருந்து கணக்கு. சாய்கோட்டில் தொடங்கினால் ஆவண மூலத்தின் மேல் ஃபோல்டரிலிருந்து. கணினியின் வேர் ஃபோல்டரிலிருந்து அல்ல. ஒரு பக்கத்தைத் துணை ஃபோல்டருக்கு நகர்த்தினால் அதிலுள்ள படங்களும் கோட் துணுக்குகளும் ஒன்றாக உடைவது இதனால்தான். உங்கள் கணினியில் ஸ்டாட்டிக் ஃபோல்டர் இருக்கிறது, சர்வரில் மட்டும் இல்லை என்று எச்சரிக்கை வந்தால், அது காலி ஃபோல்டரா என்று பாருங்கள். கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட், காலி ஃபோல்டர்களைச் சுமப்பதில்லை. உள்ளே ஏதாவது ஒரு கோப்பு இருந்தால்தான் கூட வரும். படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மேக்கிலும் விண்டோஸிலும் பொதுவாகக் கண்டுகொள்ளப்படாது. லினக்ஸ் சர்வரில் படம் வராது.

சர்வரில் நிறுவவே முடியாத கனமான நூலகங்கள் இருந்தால், ஆட்டோடாக்கின் மாக் இம்போர்ட்ஸ் பட்டியலில் அவற்றின் பெயரைக் கொடுக்கலாம். போலி ஒன்றை வைத்து இம்போர்ட்டை ஒப்பேற்றிவிடும். ஆனால் அவசரத்தில் சொந்தப் பேக்கேஜின் பெயரையே அதில் போட்டுவிடாதீர்கள். இம்போர்ட் எச்சரிக்கைகள் மாயமாய் மறையும், விளக்கங்களும் கூடவே மறையும்.

பிடிஎஃப் கட்டும்போது வந்த தொல்லை வேறு வகை. எங்களிடம் சொந்தமாக ஒரு ஸ்டைல் கோப்பு இருந்தது. அதைப் பிடிஎஃப் பக்கங்களை அமைக்கும் லேடெக் கண்டுபிடிக்க வேண்டும் என்று டெக்ஸ்இன்புட்ஸ் என்ற சூழல் மாறியில் எங்கள் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தோம். உடனே எங்கள் ஸ்டைல் கோப்பு மட்டுமல்ல, லேடெக்கோடு வரும் அடிப்படைக் கோப்புகளும் கிடைக்கவில்லை. இதில் இரண்டு தவறு. ஒன்று, அந்த மாறியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி விட வேண்டும், விண்டோஸில் அரைப்புள்ளி. ‘வழக்கமான இடங்களையும் இதன் பின்னால் சேர்த்துக்கொள்’ என்பது அதன் பொருள். அதை விட்டால் நாம் கொடுத்தது மட்டுமே பட்டியல். இரண்டு, ஸ்பிங்க்ஸ் பிடிஎஃப் கட்டும்போது லேடெக் ஓடுவது பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் லேடெக் ஃபோல்டரில். நாம் டாக்ஸில் நின்றுகொண்டு கொடுத்த சார்புப் பாதை அங்கே வேறெதையோ காட்டும். கான்ஃப்.பை-யில் லேடெக் அடிஷனல் ஃபைல்ஸ் என்ற பட்டியலில் அந்த ஸ்டைல் கோப்பைக் கொடுத்தால் ஸ்பிங்க்ஸே அதை அங்கே நகலெடுத்து வைத்துவிடும். சூழல் மாறியே வேண்டாம். எந்தக் கோப்பு கிடைக்கிறது என்று அறிய, கேபிஎஸ்இவிச் என்ற கட்டளையிடம் கோப்பின் பெயரைக் கொடுங்கள். முழுப் பாதையைச் சொல்லும். கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாது.

ஷெல்லிடம் ‘டைப்’, பைதானிடம் ஃபைல் பண்பு, லேடெக்கிடம் கேபிஎஸ்இவிச். தேடுகிற ஒவ்வொருவரிடமும் “எந்தக் கோப்பைப் படித்தாய்?” என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன் எதையும் நிறுவி நீக்கிப் பார்க்காதீர்கள் என்பதுதான் நான் உள்ளபடியே வேண்டிக்கொள்வது. அந்த ஒரு பகலை நான் இழந்தது கேட்காமல் ஊகித்ததால்தான்.

இப்போது எங்கள் கான்ஃப்.பை-யின் தொடக்கத்தில் தேடுபாதை வரி இல்லை. அதற்குப் பதில், ஓடும் பைதானின் முழுப் பாதை, அளவி வந்த கோப்பின் முழுப் பாதை, அதன் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் அச்சிடுகிறோம். சர்வரில் பதிப்பு எண், கட்டப்படும் பதிப்போடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பிழை எழுப்பி பில்ட்டை நிறுத்துகிறோம். கூடவே பெரிய எழுத்து ‘டபிள்யூ’ ஆப்ஷன். எச்சரிக்கை வந்தாலே பில்ட் தோல்வி என்று அர்த்தம். பழைய ஸ்பிங்க்ஸ் பதிப்புகளில் அது முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும். கீப்-கோயிங் ஆப்ஷனையும் சேர்த்தால் எல்லாவற்றையும் காட்டிவிட்டுத் தோற்கும். முதல் முறை இதை இயக்கியபோது நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த உடைந்த இணைப்புகள், தவறான இடைவெளிகள் எல்லாம் வெளியே வந்தன. அவற்றைத் தீர்க்க ஒரு வாரம் ஆனது. நடுவில் ‘இந்த ஆப்ஷனை எடுத்துவிடலாமே’ என்ற பேச்சு எழுந்தது. டைம்அவுட்டை நம்பி ஏமாந்த அந்த அணியை நினைவுபடுத்தினேன். எடுக்கவில்லை.

போன வாரம் அதே தம்பியிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பில்ட் பதிவின் முதல் மூன்று வரிகள். இரண்டாவது வரியில் சைட்-பேக்கேஜஸ் என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: “எடிட்டபிளா போட மறந்துட்டேன் அண்ணா, இப்போ சரி பண்ணிட்டேன்.”